சூசைமேரி மறைத்த பன்னிரண்டரை மணி

நெல்லித்தோப்பில் மாதா கோவிலுக்குப் பின்தெருவில் குடியிருந்த சூசைமேரிக்கு நாற்பத்து மூன்று வயது. தவளக்குப்பத்தைத் தாண்டிக் கடலூர் ரோட்டில் இருந்த ஒரு மருந்துக் கம்பெனியில் பதினாறு வருஷமாக வேலை பார்த்தாள். தலைமை ஆபீஸ் பிரான்சில். கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு படித்திருந்ததால்தான் அவளுக்கு அந்த வேலை கிடைத்தது. டைப்பிஸ்டாகச் சேர்ந்தாள். இரண்டாயிரத்து மூன்றில், கம்ப்யூட்டர் வந்தபின் டைப்பிஸ்ட் எதற்கு என்று கேட்டு, கூட இருந்த மூன்று பேரை ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பினார்கள். பிரான்சிலிருந்து வரும் கடிதங்களைப் படித்துச் சொல்ல ஆள் வேண்டும் என்பதால் இவளை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

அன்றிலிருந்து அவள் ஆபீசில் யாரிடமும் எதையும் கேட்டதில்லை. ஒன்றைத் தெரியாது என்று சொன்னால் அடுத்த ஆள் நாம்தான் என்று நினைத்தாள். புருஷன் தேவதாஸ் மில்லில் வேலை பார்த்தவர். மில் மூடிய பிறகு முதுகுவலியோடு வீட்டில் இருந்தார். மகள் சிந்தியா பன்னிரண்டாவது படித்தாள். வீட்டுக்கு வந்தது சூசைமேரியின் சம்பளம் ஒன்றுதான். பஸ் நோணாங்குப்பம் பாலத்தில் ஏறும்போதே அவளுக்குக் கவலை ஆரம்பிக்கும். இன்றைக்கு என்ன புதிதாக மாற்றி வைத்திருப்பார்களோ என்று.

அவளுடைய வேலை பெர்மிட் அடிப்பது. ஆலைக்குள் எந்த ஆள், எந்த இடத்தில், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை இறங்கி வேலை செய்யலாம் என்று எழுதிய தாள். அதை மூன்று பிரதி எடுப்பாள். ஒன்று வேலை செய்பவர்களுக்கு, ஒன்று கண்ட்ரோல் ரூமுக்கு, ஒன்று தன் ஃபைலுக்கு. அவற்றில் திங்கட்கிழமைப் பெர்மிட்தான் முக்கியம். வாரம் ஒருமுறை, திரவ மருந்து கலக்கும் ஐயாயிரம் லிட்டர் டேங்குக்குள் கன்னியப்பன் இறங்கிக் கழுவுவார். தவளக்குப்பம் பக்கத்துக் கிராமத்துக்காரர். அரைக் காணி நிலத்தில் விவசாயம் போக மீதி நேரம் இங்கே காண்ட்ராக்ட் வேலை. அவர் கழுவி வெளியே வந்தபின் மூடியை இறுக்கி, டேங்குக்குள் கொதிநீராவி விட்டுக் கிருமி போக்குவார்கள். நீராவி விடும்போது பிரான்சிலிருந்து ஒரு என்ஜினியர் போனில் இருப்பார். ஆலையில் எல்லோரும் அவரை 'முசே', அதாவது ஐயா, என்றுதான் சொல்வார்கள். அவர் ஊர்க் கணக்கில் காலை ஒன்பது மணிக்கு லைனில் வந்து, "ஆலே", அதாவது ஆகட்டும், என்பார். இங்கே கண்ட்ரோல் ரூமில் ராஜவேல் பட்டனைத் தட்டுவான்.

இந்த நேரம் எப்போது என்று பார்த்துத்தான் சூசைமேரி பெர்மிட் அடிக்க வேண்டும். முசே தன் காலண்டரில் போட்டு வைத்திருப்பார். அது தலைமை ஆபீஸ் சர்வரில் இருக்கும். இங்கே இருப்பவர்கள் அவரவர் கம்ப்யூட்டரில் மெயிலைத் திறந்தால் காலண்டரும் தெரியும்.

இரண்டாயிரத்து ஏழு செப்டம்பரில் ஆலை மேனேஜர் ராஜாங்கம் ஒரு செலவுக் குறைப்புச் செய்தார். காசு கட்டி வாங்கும் அவுட்லுக் மெயில் கண்ட்ரோல் ரூமுக்கும் ஆபீசர்களுக்கும் மட்டும். மற்ற பதினோரு கம்ப்யூட்டரிலும் லினக்ஸ், அதில் ஓடும் இலவச மெயில். சிஸ்டம் பார்க்கும் நெல்சன் இரண்டு வாரம் தலையைப் பிய்த்துக்கொண்டான். முத்தியால்பேட்டைக்காரன், முப்பத்திரண்டு வயது, கெட்டிக்காரன். மெயில் முதல் நாளே வந்துவிட்டது. காலண்டர்தான் சர்வரோடு ஒட்ட மறுத்தது. கடைசியில் நடுவில் பாலம் மாதிரி சின்னதாக ஒரு புரோகிராம் வைத்து அதையும் வரவழைத்தான்.

"எல்லாம் பழைய மாதிரியேதாங்க்கா. பட்டன் மட்டும் எடம் மாறியிருக்கும். எதாவது டவுட்டுன்னா கூப்புடுங்க" என்றான்.

"சரிப்பா" என்றாள். கூப்பிடவில்லை. ஒரு நாற்பது பக்க நோட்டில் திரையைப் படமாக வரைந்து, எந்தப் பட்டன் எங்கே என்று குறித்து வைத்துக்கொண்டாள். மேஜை டிராயரைப் பாதி திறந்து வைத்து, யாரும் பார்க்காதபோது அதைப் பார்த்துப் பார்த்து வேலை செய்தாள்.

அக்டோபர் கடைசியில் ஒரு திங்கட்கிழமை. காலண்டரில் பன்னிரண்டரை என்று இருந்தது. கழுவும் வேலை பன்னிரண்டேகாலுக்கு முடிய வேண்டும் என்று பெர்மிட் அடித்துக் கொடுத்தாள். கன்னியப்பன் முடித்துவிட்டு வெளியே வந்து உட்கார்ந்திருந்தார். பன்னிரண்டரைக்கு நீராவி வரவில்லை. ஒன்றரைக்குத்தான் வந்தது.

"இன்னாம்மா, ஒரு மணி நேரம் சும்மா கெடந்துச்சு டேங்க்கு. அவசரப்படுத்தி வேல வாங்குனியே" என்று சிரித்தார் கன்னியப்பன்.

அடுத்த திங்களும் அப்படியே. சூசைமேரி ஏதோ பட்டனைத் தப்பாக அழுத்தி நேரத்தை மாற்றிவிட்டோம் என்று நினைத்தாள். நெல்சனிடம் சொன்னால் அவன் வந்து பார்ப்பான், நான்கு பேருக்குத் தெரியும், மேனேஜர் காதுக்குப் போகும். அன்றைக்குச் சாயந்திரம் எல்லோரும் கிளம்பும் நேரத்தில், முசேயின் காலண்டருக்கு நேராக இருந்த டிக்கை எடுத்துவிட்டாள். அது திரையிலிருந்து மறைந்தது. தன் சொந்தக் காலண்டரில் 'டேங்க் நீராவி, ஒன்றரை' என்று ஒவ்வொரு திங்களுக்கும் போட்டு வைத்தாள். நவம்பர், டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி, மார்ச். எல்லாத் திங்கட்கிழமையும் ஒன்றரைக்குத்தான் நீராவி வந்தது. ஆபத்து தீர்ந்தது என்று இருந்தாள்.

இரண்டாயிரத்து எட்டு, ஈஸ்டர் முடிந்து ஒரு வாரம். மார்ச் முப்பது, ஞாயிறு. பாரிசில் இருக்கும் தேவதாசின் அண்ணன் ஒவ்வொரு ஞாயிறும் சாப்பாடு முடிந்து படுக்கும் நேரத்தில் போன் செய்வார். அன்றைக்குச் சோற்றில் கை வைத்திருக்கும்போதே மணி அடித்தது.

"இன்னா இவ்ளோ சீக்கிரம்?" என்றாள் சூசைமேரி.

தேவதாஸ் இடது கையால் போனை எடுத்துக்கொண்டே, "அங்க வெயில் காலத்துக்கு மணிய மாத்திட்டான் போல" என்றார்.

அவள் குழம்பு ஊற்றினாள். அது அவளுக்குத் தெரியாத செய்தி இல்லை. பாண்டிச்சேரியில் பாதி வீட்டுக்குப் பிரான்சில் சொந்தம். வருஷத்துக்கு இரண்டுமுறை அங்கே கடிகாரத்தை ஒரு மணி முன்னும் பின்னும் தள்ளுவார்கள் என்று குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். ஆனால் அது வீட்டுச் செய்தி. ஆபீஸ் கம்ப்யூட்டரோடு அதை அவள் சேர்த்துப் பார்க்கவில்லை.

மறுநாள் திங்கள், வருஷக் கடைசிக் கணக்கு நாள். பதினொன்றரையிலிருந்து ஒன்றேகால் வரை என்று கன்னியப்பனுக்குப் பெர்மிட் அடித்துக் கொடுத்துவிட்டு, வேலை நிறைய இருந்ததால் பன்னிரண்டு பத்துக்கே காண்டீனுக்குப் போனாள். ராஜவேல் வேகமாக வந்து, சாம்பார் சாதத்தை டப்பாவில் வாங்கிக்கொண்டிருந்தான்.

"உக்காந்து சாப்புடலியாப்பா?"

"எங்கங்க்கா. பன்னண்டரைக்கு முசே லைன்ல வந்துடுவாரு. அங்கயே வச்சி தின்னுக்கறேன்."

"ஒன்றரை இல்ல?"

"அவுட்லுக்குல பன்னண்டரைன்னுதான் காட்டுது. வரேங்க்கா."

"சரி" என்றாள் சூசைமேரி.

அந்தச் 'சரி'யை அவள் அதற்குப் பிறகு எத்தனையோ முறை நினைத்து அழுதிருக்கிறாள். அந்த இடத்திலேயே அவன் கையைப் பிடித்து, 'டேங்க்குல ஆள் இருக்குது' என்று சொல்லியிருக்கலாம். அப்போது அவளுக்குத் தோன்றியது ஒன்றுதான்: மறுபடியும் நாம்தான் எதையோ தப்பாகப் பார்த்திருக்கிறோம். முதலில் போய்ச் சரிபார்ப்போம், அதற்குள் வாய் விட வேண்டாம். தட்டைக் கழுவாமல் வைத்துவிட்டு மேஜைக்கு நடந்தாள். ஓடக்கூட இல்லை; ஓடினால் பார்ப்பார்கள்.

திரையில் ஒன்றரை என்று இருந்தது. அது அவளே எழுதியது. நோட்டை எடுத்துப் படத்தைப் பார்த்து, முசேயின் காலண்டருக்கு டிக்கைத் திரும்பப் போட்டாள். மெதுவாக வந்தது. பன்னிரண்டரை.

அண்ணன் போன் ஞாபகம் வந்தது. மணிய மாத்திட்டான்.

அப்போது சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டு இருபத்து நான்கு.

கண்ட்ரோல் ரூமுக்குப் போன் போட்டாள். பிசி. மறுபடி போட்டாள். பிசி. பிரான்ஸ் லைன் அதற்குள் போட்டுவிட்டார்கள். கண்ட்ரோல் ரூம் ஆலையின் அந்தக் கோடியில் இருந்தது. கதவு திறக்க அட்டை வேண்டும், அவளிடம் அட்டை இல்லை. டேங்க்தான் பக்கம். மூடி திறந்திருந்தால் நீராவி வராமல் தடுக்கிற சுவிட்ச் ஒன்று டேங்கில் உண்டு. அது இரண்டு மாசமாகப் பழுது, கம்பியை நேராகச் சேர்த்துக் கட்டி வைத்திருக்கிறார்கள் என்பது அவள் கையாலேயே அடித்த பழுதுப் பட்டியலில் இருந்தது. அட்டை வைத்திருந்த நெல்சனைச் செல்லில் கூப்பிட்டாள்.

"தம்பி, கண்ட்ரோல் ரூமுக்கு ஓடு. ஸ்டீம் தட்ட வேண்டான்னு சொல்லு. டேங்க்குல கன்னியப்பன் இருக்காரு."

"இன்னாங்க்கா சொல்றீங்க?"

"ஓடுடா!"

அவளும் ஓடினாள். செருப்பு ஒன்று வழியிலேயே போயிற்று. டேங்குக்கு ஏற இருபத்திரண்டு இரும்புப் படி. மேலே மூடிக்குப் பக்கத்தில் சின்னப்பொண்ணு நின்றிருந்தாள். உள்ளே இருப்பவரைப் பார்த்துக்கொள்வதும், அவர் இடுப்பில் கட்டிய கயிற்றைப் பிடித்திருப்பதும் அவள் வேலை.

"அவர மேல வரச் சொல்லு!"

சின்னப்பொண்ணு விழித்தாள். "இன்னும் அடிப்பக்கம் கழுவலியே. ஒன்னேகாலு வரைக்கும்னு நீதானம்மா எழுதிக் குடுத்த?"

"கன்னியப்பா!" என்று மூடிக்குள் குனிந்து கத்தினாள் சூசைமேரி. உள்ளே தண்ணீர் பீய்ச்சும் சத்தம். அவருடைய மஞ்சள் தொப்பி மட்டும் கீழே அசைந்தது. கேட்கவில்லை. கயிற்றைப் பிடுங்கி மூன்றுமுறை சுண்டினாள். சுண்டினால் ஏறி வர வேண்டும் என்பது விதி. அவர் அண்ணாந்து பார்த்து, குழாயை நிறுத்திவிட்டு, "இன்னாம்மா?" என்றார் சாவகாசமாக.

"வெளிய வாங்க. ஸ்டீம் வரப்போவுது. வாங்க!"

அவர் முகம் மாறியதை மேலிருந்தே பார்த்தாள். ஏணியில் கால் வைத்தார், ஈரத்தில் வழுக்கிற்று. மறுபடி வைத்தார். டேங்குக்கு வரும் குழாயில் 'டக்' என்று ஒரு சத்தம். கொஞ்சம் பொறுத்து இன்னொரு 'டக்'. சூடு ஏறும்போது குழாய் அப்படித்தான் தட்டும். சின்னப்பொண்ணுவுக்கு அந்தச் சத்தம் தெரியும். அவள் "ஐயோ மாரியாத்தா" என்று கயிற்றைக் கையில் சுற்றி இழுத்தாள். இரண்டு பெண்களும் இழுத்தார்கள். தலை வந்தது, தோள் வந்தது, இடுப்பு வந்தது. அப்போதுதான் உள்ளே ஒரு சீறல் கேட்டது. வெள்ளையாக ஏதோ கீழிருந்து பொங்கியது. கன்னியப்பன் கத்திய கத்தலில் மூவரும் பலகைமேல் விழுந்தார்கள்.

நெல்சன் கதவைத் திறந்து ராஜவேலின் கையைத் தட்டிவிட்டு நீராவியை நிறுத்தியது அதற்குப் பிறகு. நீராவி ஒரு நிமிஷம்கூட ஓடவில்லை என்று பின்னால் கணக்குச் சொன்னார்கள். அவருடைய வலதுகால் ரப்பர் பூட்டுக்குள் அவ்வளவு நேரத்தில் கொதிநீர் இறங்கிவிட்டது. பூட்டைக் கழற்றியபோது தோலும் கூடவே வந்தது. சூசைமேரி அதைப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி கீழே வாந்தி எடுத்தாள்.

மறுநாள் நெல்சன் அவள் மேஜைக்கு வந்தான். இரவெல்லாம் தூங்காத கண்.

"அக்கா, தப்பு என் பேர்லதான். நடுவுல வச்ச பாலம் புரோகிராம்ல பிரான்சு ஊர் பேரு போடாம, மூன்றரை மணி நேரம் வித்தியாசம்னு நம்பரா போட்டுட்டேன். செப்டம்பர்ல அது சரி. குளிர் காலத்துல நாலரை ஆவும்னு தோணல. அக்டோபர் கடைசிலயே ஒரு மணி நேரம் முன்னாடி காட்டியிருக்கும். யாருமே சொல்லலியே."

தான் அப்போதே பார்த்துவிட்டது சூசைமேரிக்கு நாக்கில் கசந்தது.

"இப்ப மாத்திட்டேன்" என்று அவன் குரலைத் தாழ்த்தினான். "நாளைக்கி விசாரிப்பாங்க. செட்டிங்க பத்தி நாமளா எதுவும் சொல்ல வேண்டாங்க்கா. எனக்குக் கொழந்த பொறந்து ரெண்டு மாசம்தான் ஆவுது."

"அப்ப யாரு மேல போடுவாங்க?"

"பெர்மிட் காப்பி கண்ட்ரோல் ரூம் டிரேயிலயே கெடந்திருக்குது. ராஜவேல் எடுத்துப் பாக்கல."

அன்றிரவு அவள் தேவதாசிடம் எல்லாம் சொன்னாள். "சொன்னா வேல போயிடுமா?" என்று கேட்டார். "போயிடும்" என்றாள். அவர் வேறொன்றும் கேட்கவில்லை. அவர் திட்டியிருந்தால்கூட அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

விசாரணை மேனேஜர் அறையில். ராஜவேலை ஓரத்தில் நிற்க வைத்திருந்தார்கள். ராஜாங்கம் பேசி முடித்து அவனுடைய வேலைநீக்கக் கடிதத்தை எடுக்கும் நேரம். சூசைமேரி எழுந்தாள்.

"சார், அந்த நேரம் என் கம்ப்யூட்டர்ல அக்டோபர்லயே தப்பாத் தெரிஞ்சுது. நான் யாருகிட்டயும் கேக்கல. அத மறச்சிட்டு, நானா ஒன்றரைன்னு எழுதி வச்சேன்."

"கேக்கறதுக்கு இன்னா?" என்றார் ராஜாங்கம்.

"பயம் சார்."

"யாரப் பாத்து?"

அவள் அவரைப் பார்த்தாள். பிறகு பின்வரிசையிலிருந்து நெல்சன் எழுந்து, "நம்பர் போட்டது நான் சார்" என்றான். சின்னப்பொண்ணு, கூப்பிடாமலேயே, "அந்த சுச்ச யாரு சார் கம்பி போட்டு கட்டி வச்சது?" என்று கேட்டாள்.

அதற்கப்புறம் ராஜாங்கம் அந்தக் கடிதத்தைத் தரவில்லை. பழுதுப் பட்டியலில் சுவிட்ச் இரண்டு மாசமாக இருந்ததும், அதன் கீழ் அவர் கையெழுத்து இருந்ததும் பிரான்சுக்குப் போனால் என்ன ஆகும் என்று அவருக்கும் ஒரு பயம் இருந்திருக்க வேண்டும். ராஜவேலுக்குப் பதினைந்து நாள் சஸ்பென்ஷன். நெல்சனுக்கும் சூசைமேரிக்கும் மெமோ, அந்த வருஷ இன்கிரிமென்ட் கிடையாது. சுவிட்சை மறுநாளே மாற்றினார்கள். இலவச மெயில் அப்படியே தொடர்ந்தது. நேரத்தை ஊர்ப் பெயரால் போட்ட பிறகு அது ஒருநாளும் தப்பாகக் காட்டவில்லை.

கன்னியப்பனை ஆஸ்பத்திரியில் பார்க்க இரண்டு ஆரஞ்சும் ஒரு பிரட்டும் வாங்கிக்கொண்டு போனாள். அவர் மனைவி அஞ்சலாட்சி கட்டிலோரம் உட்கார்ந்திருந்தாள். சூசைமேரி நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். அஞ்சலாட்சி எழுந்து வெளியே போய்விட்டாள். கன்னியப்பன் கட்டுப் போட்ட காலையே பார்த்துக்கொண்டு, "நீ கயித்த சுண்டலன்னா நான் இல்ல. நீ முன்னாடியே கேட்டிருந்தா கால் வெந்திருக்காது. ரெண்டும் உண்மதான்" என்றார். "இனிமே நான் எறங்க மாட்டம்மா. மூடியப் பாத்தாவே ஒடம்பு நடுங்குது." கால் ஆற மூன்று மாசம் ஆயிற்று. அவர் பிறகு ஆலைப் பக்கம் வரவே இல்லை.

சூசைமேரியின் பயம் போய்விடவில்லை. இப்போது அது வேறு மாதிரி ஆயிற்று. கேட்டால் என்ன நினைப்பார்களோ என்ற பயத்தைவிட, கேட்காமல் விட்டதில் என்ன இருக்குமோ என்ற பயம் பெரிதாக இருந்தது. திங்கட்கிழமைகளில் பெர்மிட்டைக் கையில் எடுத்துக்கொண்டு கண்ட்ரோல் ரூம் கதவைத் தட்டி, ராஜவேலை உரக்கப் படிக்க வைத்துக் கையெழுத்து வாங்குவாள். "விடுங்க்கா, தெரியும்" என்று அவன் சலித்துக்கொண்டாலும் விடமாட்டாள். ஒரே விஷயத்தை நெல்சனிடம் நாலு தரம் கேட்பாள்.

அந்த வருஷம், பிரான்சில் கடிகாரத்தைப் பின்னால் தள்ளும் அக்டோபர் கடைசி ஞாயிறுக்கு மறுநாள் தீபாவளி, ஆலை லீவு. முந்தின வெள்ளிக்கிழமையே அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மத்தியானம் மேனேஜரிடம் கேட்டுக்கொண்டு, முதல் தடவையாகத் தானே பிரான்சுக்குப் போன் போட்டாள். பள்ளிக்கூடத்துப் பிரெஞ்சைத் தட்டித் தடுமாறி, லீவுக்கு அடுத்து வரும் திங்கட்கிழமையில் உங்கள் ஒன்பது மணி எங்களுக்கு எத்தனை மணி என்று கேட்டாள். முசே சிரித்தார், காலண்டரில் இருக்கிறதே, அம்மணி, என்றார்.

"இருக்குது. நீங்க வாயால சொல்லுங்க" என்றாள் சூசைமேரி.

ஒன்றரை என்று அவர் சொன்னார். இன்னொரு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் போனை வைத்தாள்.